கன்னையா காணிப்பாக்கத்தில் செய்த சத்தியம்

என் தம்பி கன்னையா பதினைந்து வருஷம் போர்க்கப்பலில் வேலை பார்த்தான். சாதாரணக் கப்பல் இல்லை. எதிரியின் கப்பலை, அது கண்ணுக்கே தெரியாத தூரத்தில் இருக்கும்போதே, ஏவுகணை விட்டு மூழ்கடிப்பதற்கென்று ரஷ்யாக்காரன் கட்டிக்கொடுத்த கப்பல். அந்த வகையில் மொத்தம் ஐந்து. ஒரு வயிற்றில் பிறந்த அக்கா தங்கைகள் மாதிரி இருக்குமாம். பேப்பரில் அதை நாசகாரிக் கப்பல் என்று போட்டிருந்ததாகப் படித்துச் சொன்னார்கள். அவ்வளவு பெரிய நாசகாரியில் என் தம்பி கையால் முழுகியது உளுந்தும் அரிசியும்தான். அதையும் வெளியே சொல்லக் கூடாது என்பான். நான் சொல்லுவேன். எனக்கு எந்த அதிகாரியும் உத்தரவு போடவில்லை.

எங்கள் ஊர் குடிபாலாவுக்குப் பக்கம். ரோட்டின் இந்தப் பக்கம் பஸ் ஏறினால் சித்தூர், அந்தப் பக்கம் ஏறினால் வேலூர். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் கை காட்டத் தெரிந்தவர் ஊரில் ஒருவரும் கிடையாது. நிலம் என்று எங்களுக்கு ஒன்றும் இல்லை. நைனா சீக்கிரமே போய்விட்டார். அம்மா சந்திரம்மாவும் நானும் கரும்பு வெட்டப் போவோம், வெல்லம் காய்ச்சும் இடத்தில் நிற்போம். வீட்டில் களி கிண்டுவது கன்னையா. ஒன்பது வயதில் அவன் கிண்டின களியில் ஒரு கட்டி இருக்காது. நான் கிண்டினால் கட்டிக்கு நடுவில்தான் களி இருக்கும்.

பத்தாவது முடித்ததும் திருப்பதியில் கடற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்பிப் போனான். உனக்கு என்ன தெரியும் என்று ஒவ்வொருவரையும் கேட்டிருக்கிறார்கள். முன்னால் நின்றவன் ஓடத் தெரியும் என்றான், அவனுக்கு முன்னால் நின்றவன் கபடி என்றான். இவன் களி கிண்டத் தெரியும் என்றான். வடக்கத்தி அதிகாரிக்குக் களி என்றால் என்னவென்று புரியவில்லை. இவன் காலை அகட்டி வைத்து, இரண்டு கையையும் சேர்த்து, வெறும் காற்றில் கிண்டிக் காட்டினானாம். அதிகாரிக்குச் சிரிப்பு அடங்கவில்லையாம். சமையல் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். பயிற்சியெல்லாம் முடித்து, விசாகப்பட்டினத்தில் அந்த ஐவரில் ஒருத்தியிடம் கொண்டுபோய் விட்டார்கள். எவள் என்று பேர் சொல்ல மாட்டான்.

முதல் லீவில் வந்தபோது ஊரே வீட்டில் கூடிவிட்டது. நான்தான் ஆரம்பித்தேன்.

"ஏன்டா, அந்தக் கப்பலு எவ்ளோ பெருசுடா?"

"சொல்லக் கூடாதுக்கா."

"எத்தினி பேரு கீறீங்க அதுல?"

"சொல்லக் கூடாது."

"காலையில இன்னா துன்றீங்க? அதையாவது சொல்லு."

"இட்லி."

"எத்தினி இட்லி ஊத்துவீங்க?"

வாயைத் திறந்தவன் பட்டென்று மூடிக்கொண்டான்.

"இட்லி கணக்கு சொன்னா ஆளு கணக்கு தெரிஞ்சிடும்க்கா. ஆளு கணக்கு எதிரிக்குத் தெரியக் கூடாது."

"அடப்பாவி, நான் இன்னாடா பாகிஸ்தானா?"

"நீ இல்லக்கா. ஆனா நீ போய்ச் சொல்லிடுவ."

கப்பலில் சேர்ந்த அன்றைக்கு மேலதிகாரி நாலு விஷயத்தை வெளியே பேசாதே என்று சொல்லியிருப்பார். இவன் அதை நாற்பதாக எடுத்துக்கொண்டான். கொடிக்கு முன்னால் சத்தியம் வேறு செய்திருக்கிறான். என்ன வேலை என்று யார் கேட்டாலும் ஒரே பதில். இட்லிக்கே இவ்வளவு ரகசியமா, அப்படியென்றால் இவன் பெரிய வேலையில்தான் இருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டியது. ஏவுகணைக்கு பட்டன் அமுக்குகிறவன் இவன்தான் என்று பேச்சுப் பரவியது.

நான் பரப்பவில்லை. பரப்பினேன் என்று இன்றைக்கும் சிலர் சொல்லுகிறார்கள். நான் சொன்னது ஒரே வார்த்தை: "எந்தம்பி இல்லன்னா அந்தக் கப்பல்ல ஒரு ராக்கெட்டும் கிளம்பாது." இதில் என்ன பொய்? வெறும் வயிற்றோடு எவன் ராக்கெட்டு விடுவான்?

அவன் முழங்கைக்குக் கீழே கோடு கோடாகச் சூட்டுத் தழும்பு உண்டு. அதைப் பார்த்தவர்கள் ராக்கெட்டு நெருப்பு என்று தாங்களாகவே சொல்லிக்கொண்டார்கள். நான் மறுக்கவும் இல்லை. மறுப்பது என் வேலையா?

இப்படியே இருபத்தெட்டு வயதாகிவிட்டது. கார்கில் சண்டை நடந்து முடிந்த வருஷம் அது. ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. படித்த பையன்கள் பெங்களூருக்கும், படிக்காதவர்கள் துபாய்க்கும் போய்க்கொண்டிருந்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை இருக்கிறானா என்று கேட்ட காலம். அந்த நேரத்தில்தான் கார்வேட்டிநகரம் பக்கத்திலிருந்து ரங்கையா சம்பந்தம் வந்தது.

ரங்கையா ஒரு காலத்தில் எங்களைப் போலவே கூலிக்குப் போனவர். பிறகு கொஞ்சம் நிலம் வாங்கி, போர் போட்டு, மாங்கன்று வைத்து நிமிர்ந்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் ஊருக்கு முன்னால் ஒரு முழம் உயரமாக நிற்க வேண்டும் அவருக்கு. எதிர்வீட்டுக்காரர் மருமகன் பெங்களூரில் கம்ப்யூட்டர். பக்கத்து வீட்டுக்காரர் மருமகன் துபாய். இரண்டையும் தூக்கிச் சாப்பிடுகிற மாப்பிள்ளை வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தவர் காதில் ராக்கெட்டு விழுந்தது.

பெண் பார்க்கப் போனோம். ரங்கையா கன்னையாவின் கையைப் பிடித்துத் திருப்பி, கூடியிருந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் தழும்பைக் காட்டினார்.

"பாத்தீங்களா? ராக்கெட்டு நெருப்பு! தேசத்துக்காகப் பட்டது!"

கன்னையா நெளிந்தான். "அது வந்து மாமா..."

"நீ சொல்லக் கூடாது, எனக்குத் தெரியும். நீ கம்முனு இரு மாப்பிள்ள!"

அப்போது பெண் கல்பனா பஜ்ஜித் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அவள் அந்தத் தழும்பைப் பார்த்தாள். பிறகு தன் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு. வெட்கம் என்று நினைத்தேன். கன்னையா ஒரு பஜ்ஜியைக் கடித்தான். அத்தனை பேருக்கு நடுவில் அவன் அவளைக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்:

"மாவுல ஓமம் போட்டீங்களா?"

"கொஞ்சம்" என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வரும்போது புத்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவன், திடீரென்று சொன்னான்: "கட்னா இந்தப் பொண்ணுதான்க்கா. இல்லன்னா எனக்குக் கல்யாணமே வாணாம்." தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவன் இவ்வளவு பேசினதே எனக்குப் பயமாக இருந்தது. தை மாதத்தில் முகூர்த்தம் வைப்பதாகப் பேசி முடித்து, அவன் கப்பலுக்குத் திரும்பிப் போனான்.

டிசம்பரில் வந்தது வினை. ரங்கையாவின் மைத்துனன் சுரேஷ்பாபு விசாகப்பட்டினத்தில் வேலையாக இருந்தான். அங்கே வருஷத்துக்கு ஒரு தரம், கடற்படை நாளை ஒட்டி, கப்பலுக்குள் எல்லாரையும் ஏற்றிக் காட்டுவார்களாம். ஊரே போய்ப் பார்க்கலாம், என் தம்பி மட்டும் சொல்ல மாட்டான்! சுரேஷ்பாபு பெண்டாட்டி பிள்ளையோடு, விசாரித்து விசாரித்து என் தம்பி கப்பலுக்கே போயிருக்கிறான். பக்கத்துக்கு இரண்டாக நாலு பெரிய பெட்டி இருந்ததாம், ஒவ்வொன்றிலும் ஒரு மாட்டுவண்டியை ஓட்டி நிறுத்தலாம் போல. ஏவுகணை அதற்குள்தான் படுத்திருக்குமாம். சரி, நம்ம மாப்பிள்ளை எந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று தேடியிருக்கிறான். மாப்பிள்ளை வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் கெட்டிலில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே பூத்திலிருந்து ரங்கையாவுக்குப் போன். மறுநாள் காலையிலேயே ரங்கையா எங்கள் வாசலில்.

"பொன்னியம்மா! உந்தம்பி ராக்கெட்டு வுடறவனா, டீ ஆத்தறவனா?"

"உள்ள வந்து உக்காருங்க சம்மந்தி. மொதல்ல ஒரு டீ..."

"அந்தப் பேச்சையே எடுக்காத! சொந்தக்காரன் ஒருத்தன் விடாம சொல்லி வச்சிருக்கேன், எம் மருமவன் பட்டன் அமுக்கறவன்னு. இப்ப நான் மூஞ்சிய எங்க வச்சிக்கறது?"

"நான் பட்டன்னு சொல்லவே இல்லயே. அவன் இல்லன்னா ராக்கெட்டு கிளம்பாதுன்னுதான் சொன்னேன்."

"அப்ப காணிப்பாக்கத்துக்கு வா. நீயும் வா, உந்தம்பியும் வரட்டும். சாமி முன்னாடி சொல்லுங்க. சொன்னா கல்யாணம். சொல்லலன்னா எம் பொண்ணுக்கு வேற எடம் பாத்துக்கறேன்."

காணிப்பாக்கம் என்றால் எங்கள் ஜில்லாவில் திருடர்கள்கூட நடுங்குவார்கள். அங்கே பிள்ளையார் கிணற்றுக்குள்ளிருந்து எழுந்தவர். குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு அவர் முன்னால் நின்று பொய்ச் சத்தியம் செய்தவன் தொண்ணூறு நாள் தாண்ட மாட்டான் என்பார்கள். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்லுகிறவன், காணிப்பாக்கம் வா என்றால் வழிக்கு வந்துவிடுவான். எத்தனையோ வரப்புச் சண்டை அந்தக் குளத்துப் படியிலேயே தீர்ந்திருக்கிறது.

கன்னையா லீவு போட்டுவிட்டு ஓடி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"சமையல்னு சொல்லிட்டுப் போயேன்டா. அதுல இன்னா கெட்டுப்போவுது?" என்றேன்.

"கப்பல்ல இன்னா செய்றேன்னு வெளிய சொல்ல மாட்டேன்னு கொடி முன்னாடி சத்தியம் பண்ணிகீறேன்க்கா. ஒரு சத்தியத்த ஒடைச்சிட்டு இன்னொரு சத்தியம் பண்ணா, அந்த ரெண்டாவது சத்தியத்த எவன் நம்புவான்?"

"அப்ப கல்பனா?"

எழுந்து அடுப்படிக்குப் போனான். அன்றைக்கு அவன் கிண்டின களியில் முதல்முதலாகக் கட்டி இருந்தது.

சொன்ன நாளில் காணிப்பாக்கத்தில் கூடினோம். ரங்கையா மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நடப்பதை அவளே பார்க்கட்டும் என்று. முதலில் நான் முழுகினேன். சொட்டச் சொட்டச் சாமி முன்னால் போய் நின்று, கையைக் கூப்பி, சன்னதியில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "அப்பா பிள்ளையாரே! எந்தம்பி இல்லன்னா அந்தக் கப்பல்ல ஒரு ராக்கெட்டும் கிளம்பாது. இது சத்தியம்!" ரங்கையா முகம் கொஞ்சம் மலர்ந்தது. இவ்வளவு தைரியமாகச் சொல்லுகிறாளே என்று.

அடுத்து கன்னையா. முழுகி வந்தான். சாமிக்கு எதிரில் நின்றான். கண்ணை மூடினான். உதடு மட்டும் அசைந்தது. ரொம்ப நேரம் அசைந்தது. பிறகு விழுந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினான்.

"இன்னா சொன்ன?" என்றார் ரங்கையா.

"நான் செய்ற வேல அத்தனையும் சாமிகிட்ட சொல்லிட்டேன் மாமா. ஒண்ணு விடல."

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே!"

"கேக்கக் கூடாதுன்னுதான் மாமா மெதுவா சொன்னேன்."

"சத்தியம்னா நாலு பேருக்குக் கேக்கணும்டா!"

"சாமிக்குக் கேட்டா போதும் மாமா. சாமி யார்கிட்டயும் போய்ச் சொல்லாது."

ரங்கையா என்னைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டார். சத்தியம் செய்யவில்லை என்றும் சொல்ல முடியாது. செய்தான் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவும் முடியாது. "பசிக்குது. ஏதாச்சும் துன்னுட்டு யோசிக்கலாம்" என்றார். கோயிலை விட்டு வெளியே வந்து, தெருக்கோடியில் ஒரு டிபன் கடையில் நாலு பேரும் உட்கார்ந்தோம். கன்னையா இலையில் வைத்த இட்லியை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் பெரிய அண்டாவில் சாம்பார் கொதிக்க வைத்திருந்தார்.

அந்தக் கடையை ஒட்டிச் சின்னதாக ஒரு கங்கம்மா கோயில். புதிதாகக் கரண்டில் ஓடுகிற மேளமும் மணியும் வாங்கி வைத்திருந்தார்கள் போல. பூசாரி சுவிட்சைப் போட்டார். கணகணகணவென்று நிற்காமல் மணி அடித்தது.

கன்னையா இலையைத் தாண்டி ஒரே பாய்ச்சல். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் கடைக்காரரைத் தள்ளிவிட்டு அடுப்பை அணைத்தான், பக்கத்து அடுப்பையும் அணைத்தான், எண்ணெய்ச் சட்டியின் மேல் தட்டைப் போட்டு மூடினான். சாம்பார் அண்டாவின் மூடியை எடுத்துச் சாத்தி, இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, காலை அகட்டி வைத்து, கடை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடப்போகிறது என்பது போல நின்றான். அப்படியே நின்றான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏமய்யா, நீக்கு பிச்சி பட்டிந்தா?" என்று கடைக்காரர் தெலுங்கில் கத்தினார். பைத்தியமா பிடித்திருக்கிறது என்று அவர் கேட்டது நியாயம்தான்.

பூஜை முடிந்து மணி நின்றது. அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று கன்னையாவுக்குத் தெரிந்தது. மூடியிலிருந்து கையை எடுத்தான். அண்டாவின் விளிம்பு சுட்டு, முழங்கைக்குக் கீழே புதிதாக ஒரு சிவப்புக் கோடு.

ரங்கையா எழுந்து நின்றுவிட்டார். "டேய்... அப்ப அந்தத் தழும்பெல்லாம்..."

கல்பனாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து வந்து தன் கையை அப்பா முன்னால் நீட்டினாள். அவள் கையிலும் அதே மாதிரி இரண்டு கோடு.

"நைனா, இது அண்டா விளிம்பு சுட்ட கோடு. சோறு வடிக்கறவங்க கையில எல்லாம் இருக்கும். பொண்ணு பாக்க வந்தன்னிக்கே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"நீங்க எங்க பேசவுட்டீங்க? தேசத்துக்காகப் பட்டதுன்னு சுத்திச் சுத்திக் காட்டிக்கினு இருந்தீங்க." பிறகு குரலை இறக்கிச் சொன்னாள்: "சாமி முன்னாடியும் வாயத் தொறக்கல பாருங்க நைனா. நான் கைநழுவிப் போனாலும் பரவால்லன்னு நின்னாரு. கொடுத்த வார்த்தைய இவ்ளோ காப்பாத்தறவரு எனக்குக் கொடுக்கற வார்த்தையையும் காப்பாத்துவாரு. எனக்கு இவரே போதும்."

கன்னையா தலையைக் குனிந்துகொண்டு, அணைத்த அடுப்பைக் கடைக்காரருக்குத் திரும்பப் பற்ற வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்திருந்தன.

ரங்கையா உட்கார்ந்தார். அவர் கோபத்தில் பாதி இறங்கிவிட்டது என்று தெரிந்தது. மீதிப் பாதி ஊர்.

"அது சரிம்மா. ஊருக்கு நான் இன்னா சொல்றது? ராக்கெட்டுன்னு சொல்லி வச்சிட்டு, இப்ப சாம்பாருன்னு எப்படிச் சொல்றது?"

இந்த இடத்தில் என் தம்பி பேசினான். அவன் ஆயுசில் பேசின ஒரே சாமர்த்தியமான பேச்சு.

"நீங்க ஒண்ணும் சொல்ல வாணாம் மாமா. யார் கேட்டாலும் ‘சொல்லக் கூடாது'ன்னு சொல்லுங்க. அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க."

ரங்கையா கொஞ்ச நேரம் அதை வாய்க்குள் போட்டு மென்று பார்த்தார். "சொல்லக் கூடாது" என்று மெதுவாக ஒரு தரம் சொன்னார். இன்னொரு தரம், கொஞ்சம் மிடுக்காகச் சொன்னார். பிடித்துவிட்டது. "கடைக்காரரே, இன்னும் ரெண்டு இட்லி வையுங்க" என்றார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. துபாய் மருமகன் வந்திருந்தான், பெங்களூர் மருமகனும் வந்திருந்தான். "உங்க மாப்பிள்ளைக்கு அங்க இன்னா வேல?" என்று யார் கேட்டாலும், ரங்கையா சுற்றும்முற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "சொல்லக் கூடாது" என்பார். கேட்டவர்கள் இன்னும் ஒரு படி மரியாதையோடு நகர்ந்து போனார்கள். போகப்போக அவருக்குப் பழக்கமே ஆகிவிட்டது. பந்தியில் பாயசம் உண்டா என்று ஒருவர் கேட்டதற்கும் சொல்லக் கூடாது என்றார்.

நான் செய்த சத்தியத்துக்குத் தொண்ணூறு நாள் கழிந்தது. எனக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. என் எருமை கன்று போட்டது. அதுவும் பெண் கன்று. பொய்ச் சத்தியம் செய்தவளுக்கு எந்தச் சாமியாவது கிடேரிக் கன்று கொடுக்குமா?

கப்பலில் ஏவுகணை விட்டதை நீ பார்த்தாயா என்று அவன் பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்த பிறகு கேட்டேன். ரொம்ப யோசித்துவிட்டு, இதை மட்டும் சொல்லலாம் என்று சொன்னான். கடலில் ஆள் இல்லாத பழைய கப்பல் ஒன்றை எங்கோ தூரத்தில் நிறுத்திவைத்து ஒரு தரம் அடித்துப் பார்த்தார்களாம். கப்பலில் அபாய மணி அடித்ததும் அடுப்பையெல்லாம் அணைத்துவிட வேண்டும், அது உத்தரவு. மேலே இடி இறங்கின மாதிரி சத்தம், கப்பல் ஒரு உதறு உதறியது. எல்லாரும் கைதட்டினார்கள். இவன் கீழே, கதவு மூடின சமையலறையில், சாம்பார் அண்டாவின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றானாம். ஒரு சொட்டு சிந்தவில்லை என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். கப்பலை அடித்தவனுக்குக்கூட அவ்வளவு பெருமை இருந்திருக்காது.

கல்யாணம் முடிந்து விசாகப்பட்டினத்தில் குடித்தனம் வைத்ததும் அவன் கல்பனாவுக்கு முதல்முதலாகச் சமைத்துப் போட்டான். இரண்டு பேருக்குச் சமைக்க அவனுக்குத் தெரியாது. அவன் கை அறிந்தது கப்பல் அளவு ஒன்றுதான். குறைத்துக் குறைத்துப் போட்டும், அந்தக் குடியிருப்பு முழுக்கத் தூக்குப் போணியோடு வந்து வாங்கிக்கொண்டு போன பிறகும், அந்தச் சாம்பாரை இருவரும் மூன்று நாள் சாப்பிட்டார்களாம். கல்பனா கெட்டிக்காரி. அவன் கை தன்னால் அள்ளிப் போடுகிற பருப்பையும் புளியையும் ஒரு மாதம் பார்த்துப் பார்த்து, அந்தக் கப்பலில் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுவிட்டாள்.

ஊருக்கு வந்தபோது இதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு ஆசை தாங்கவில்லை.

"எத்தினி பேரும்மா? எங்காதுல மட்டும் சொல்லு."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லக் கூடாது அண்ணி" என்றாள்.